இரண்டு விரல் கறுப்பு

"கையெழுத்துப் போட மாட்டேனுங்க. நீங்க வந்து சேர்ற வரைக்கும் இந்தச் சேரை விட்டு எந்திரிக்கவும் மாட்டேன்."

காலையில் கைப்பேசியில் வந்த அந்தக் குரலை நம்பித்தான் அருள்மொழி காரை எடுத்தாள். சேலத்தில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவளுக்கு அழுதுகொண்டு பேசுகிறவர்கள் தினமும் கிடைப்பார்கள். அழாமல் பேசுகிற ஆள் கிடைப்பது அபூர்வம். பக்கத்து சீட்டில் அவளுடைய உதவியாளன் ஆரோக்கியராஜ், மலையடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கிய கொண்டை ஊசி வளைவுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். முப்பத்தெட்டில் எண்ணிக்கை நின்றுபோனது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, இந்த ரோட்டைப் போட்டவனுக்கும் நேர்கோட்டுக்கும் என்ன பகை என்று கேட்டான். அருள்மொழி அடுத்த வளைவை ஒடித்தாள்.

மிச்ச வளைவுகளில் அவள் வழக்கைச் சொல்லி முடித்தாள். காடு திருத்தி மிளகும் மரவள்ளியும் போட்டு வருகிற மலைக் குடும்பங்களுக்கு நிலப் பட்டா கொடுக்க மேலே ஒரு முகாம் அலுவலகம் திறந்திருந்தார்கள். மனுக்களைக் கம்ப்யூட்டர் வழியாக இணையப் பட்டியலில் ஏற்றுகிற வேலை தேன்மொழிக்கு. இருபத்தாறு வயது, அரியங்காட்டுப் பெண். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தப் பட்டியலிலிருந்து நாற்பத்தொரு பெயர்கள் காணாமல் போயின. நாற்பத்தொன்றும் அரியங்காட்டுப் பெயர்கள். அவளுடைய அப்பாவின் பெயரும் அதில் போயிருந்தது. திருத்துகிற உரிமை தேன்மொழியின் பெயருக்கு மட்டும்தான் உண்டு, நீக்கியதும் அவள் பெயரில்தான் பதிவாகியிருந்தது. காட்டை வளைக்கப் பார்க்கிற யாரிடமோ காசு வாங்கிக்கொண்டு சொந்த ஊரையே விற்றுவிட்டாள் என்று முகாம் பொறுப்பாளர் மணிவண்ணன் ஒப்புதல் கடிதம் தயாராகத் தட்டி வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் போலீஸ்.

இன்று வியாழன். மாலை ஆறு மணிக்குப் பட்டியலை ஏற்றும் வழி அடைபடும். அதற்குள் பெயர் ஏறாதவர்களுக்குப் பட்டா இல்லை.

"அப்ப நமக்கு மூணரை மணி நேரம் இருக்கு. அதுல அரை மணி நேரம் என் வயித்துக்கு" என்றான் ஆரோக்கியராஜ்.

முகாம் அலுவலகம் என்பது தகரக்கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் இருபது முப்பது பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் உள்ளே இருந்த தேன்மொழியின் பக்கம் திரும்பவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அரியங்காட்டுக்குப் பன்னிரண்டு பெயர்கள் மிஞ்சியிருந்தன. அதன் கீழே மூன்று பெரியவர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நாலாவது வரியில் இருக்கிற சென்றாயன் நான்தான் என்று மூன்று பேருமே சாதித்தார்கள். ஒரே இடத்துக்கு இத்தனை பேர் போட்டிக்கு நின்று இதுவரை தேர்தலில்தான் பார்த்திருக்கிறேன் என்று ஆரோக்கியராஜ் முணுமுணுத்தான். அருள்மொழி அந்தப் பட்டியலை ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டு உள்ளே போனாள்.

சொன்னபடியே தேன்மொழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கையெழுத்துக்காகக் காத்திருந்த கடிதம். அதன்மேல் அவள் பேனாவை மூடியோடு வைத்திருந்தாள். மணிவண்ணன் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்தவர், ஐம்பது வயது, சட்டைப்பையில் மூன்று பேனா. துப்பறியும் ஆட்களுக்கு இங்கே வேலையில்லை, வெளியே போங்கள் என்றார். தன் சார்பாகப் பேச அதிகாரம் கொடுத்துத் தேன்மொழி காலையில் எழுதிக் கைப்பேசியில் அனுப்பியிருந்த கடிதத்தின் அச்சை அருள்மொழி நீட்டினாள். அது செல்லாது என்றார் அவர். செல்லாது என்பதை எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரமும் குறித்துக் கொடுங்கள், போய்விடுகிறேன் என்றாள் அவள். மணிவண்ணன் எழுதவில்லை. அருள்மொழி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆதாரம் இருக்குன்னு சொன்னீங்களாமே சார். பாக்கலாங்களா?"

ஆதாரத்தைக் காட்டுவதில் மணிவண்ணனுக்குத் தயக்கமே இல்லை. மானிட்டர் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார். மேலே ஓரமாகப் பயனர் தேன்மொழி என்று இருந்தது. நடுவில், நாற்பத்தொரு பதிவுகள் நீக்கப்பட்டன என்ற அறிவிப்பு. பின்னால் பட்டியல். செவ்வாய் மத்தியானம் ஒன்று பத்துக்கு உள்ளே வந்தபோது அந்தப் பெண் காரியத்தை முடித்துவிட்டுத் திரையை அப்படியே விட்டுச் சாப்பிடப் போயிருந்தாள், கையும் களவுமாகப் படம் எடுத்தேன் என்றார்.

பன்னிரண்டரைக்கே கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதாகத் தேன்மொழி சொன்னாள். சொல்லிச் சொல்லிச் சலித்த விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

சொந்த அப்பாவின் பெயரை எந்த மகள் நீக்குவாள் என்று ஆரோக்கியராஜ் கேட்டான். சந்தேகம் வராமலிருக்க அதையும் சேர்த்து நீக்கியிருக்கிறாள், அவ்வளவு கெட்டிக்காரி என்றார் மணிவண்ணன். ஆரோக்கியராஜுக்கு எரிச்சலாக வந்தது. எதைச் சொன்னாலும் குற்றத்துக்கே சாட்சியாக மாற்றிவிடுகிற ஆட்களை அவன் பள்ளிக்கூடத்திலிருந்தே பார்த்து வருகிறான்.

அருள்மொழி படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல். பக்கத்தில் இன்னொரு விரல். பிறகு மேஜையில் இருந்த மானிட்டரைப் பார்த்தாள்.

"கண்ணு, இங்க கம்ப்யூட்டர் எத்தனை?"

"ரெண்டுங்க்கா. மானிட்டர்தான் ஒண்ணு." மேஜைமேல் இருக்கிற புதுப்பெட்டி மேலூடு, மேஜைக்கடியில் இருக்கிற பழைய பெட்டி கீழூடு என்று தேன்மொழி காட்டினாள். ரெண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். மானிட்டருக்கு அடியில் இருக்கிற பட்டனை அமுக்கினால் எந்த வீட்டுக்குப் போக வேண்டுமோ அந்த வீடு திறக்கும் என்று முகாம் ஆரம்பித்த புதிதில் அப்படிப் பேர் வைத்திருந்தாள். அவள் வேலை செய்வது மேலூட்டில் மட்டும். கீழூடு கெட்டுவிட்டது, யாரும் தொடக்கூடாது என்று சார் உத்தரவு.

"அது செத்து ஆறு மாசம் ஆச்சு. தூக்கிப் போட ஆளில்லாம கிடக்குது" என்றார் மணிவண்ணன்.

பிணத்துக்கு இவ்வளவு நாளாக ஒயரைக் கழற்றாமல் வைத்திருக்கிறீர்களே என்றான் ஆரோக்கியராஜ். மானிட்டரின் முதுகுக்குப் பின்னால் அவன் தலையை விட்டிருந்தான். இரண்டு கேபிள்கள் வந்து சொருகியிருந்தன. மேலூட்டிலிருந்து வந்தது மெல்லிய தட்டை முனை. கீழூட்டிலிருந்து வந்தது நீல முனை, இரண்டு பக்கமும் திருகாணி.

அருள்மொழி அவனை மானிட்டரின் அமைப்புப் பட்டியலைத் திறக்கச் சொன்னாள். மேலூடு ஓடிக்கொண்டிருந்தது. படம் நாலு ஓரத்தையும் தொட்டு நின்றது. வெளிச்சத்தைக் கூட்ட முடிந்தது, குறைக்க முடிந்தது. படத்தை இடம் வலம் நகர்த்துகிற வரி மட்டும் மங்கலாகக் கிடந்தது. ஆரோக்கியராஜ் நாலு தரம் அமுக்கிப் பார்த்தான்.

"இது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது மேடம். எங்க ஊட்டுல இருக்கறவங்க மாதிரியே இருக்கு."

"கேக்காது. மேலூட்டுக் கேபிள் டிஜிட்டல். ஒவ்வொரு புள்ளியும் எங்க உக்காரணும்னு விலாசத்தோட வருது. அதனால படம் நகராது, நகர்த்தவும் முடியாது." அவள் அச்செடுத்த படத்தை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்தாள். "இந்தப் படத்துல இடது ஓரத்துல என்ன இருக்கு பாரு."

ஆரோக்கியராஜ் பார்த்தான். திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை. இரண்டு விரல் அகலம். அந்த இரண்டு விரல் அளவுக்குப் படம் முழுவதும் வலது பக்கம் தள்ளி நின்றது. எழுத்துகளுக்குப் பக்கத்தில் மெல்லிய நிழலும் விழுந்திருந்தது.

மணிவண்ணன் சிரித்தார். அது கைப்பேசி காமிராவின் கோளாறு என்றார். மானிட்டரின் சட்டம் நேராக விழுந்திருக்கும்போது உள்ளே இருக்கிற படத்தை மட்டும் தள்ளிவிடுகிற காமிரா எந்தக் கடையில் கிடைக்கும் என்று அருள்மொழி கேட்டாள். நீலக் கேபிள் அனலாக். அதில் வருவது அலை. வரி எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் தானாக ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகம் தப்பினால் படம் ஓரத்தில் கறுப்பு விட்டு நகர்ந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்தத் திரையில் இருந்தது மேலூடு இல்லை. கீழூடு.

"செத்த பெட்டி எப்படிங்க படம் காட்டும்?" மணிவண்ணனின் குரல் ஏறியது. "வேணும்னா போட்டுப் பாருங்க. வேண்டாம்னு யாரு சொன்னா?"

ஆரோக்கியராஜ் மேஜைக்கடியில் புகுந்து கீழூட்டின் பட்டனை அமுக்கினான். மேலூட்டின் கேபிளைப் பிடுங்கினான். திரை கறுத்தது. சிக்னல் இல்லை என்று ஒரு பெட்டி மிதந்தது. பத்து விநாடி, இருபது விநாடி. சிக்னல் இல்லை.

மணிவண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். தேன்மொழி மட்டும் அசையவில்லை. ஆரோக்கியராஜ் நீலக் கேபிளின் திருகாணியை இறுக்கிப் பார்த்தான்.

"ஏனுங்க" என்றாள் தேன்மொழி. "மானிட்டரு இன்னும் மேலூட்டு வாசல்லயேதான் நிக்குதுங்க. கீழூட்டுப் பக்கம் திருப்பி உடுங்க."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு மானிட்டருக்கு அடியில் இருந்த பட்டனை அமுக்கினான். திரை ஒரு தரம் துடித்தது. பிறகு கீழூடு வந்தது. இடது ஓரத்தில் கறுப்புப் பட்டை, இரண்டு விரல் அகலம். நடுவில் கடவுச்சொல் கேட்கிற கட்டம். அதன்மேல் பயனர் பெயர் மணிவண்ணன்.

"பிணம் எந்திரிச்சு உங்க பேரைத்தான் மொதல்ல சொல்லுது சார்" என்றான் ஆரோக்கியராஜ்.

ஆனால் மணிவண்ணன் அவ்வளவு லேசில் விழுகிற ஆள் இல்லை. பெட்டி உயிரோடு இருப்பது தனக்கே தெரியாது என்றார். இந்தப் பெண்தான் தன் கடவுச்சொல்லைத் திருடி இதைத் திறந்து வேலையைச் செய்திருக்க வேண்டும் என்றார். அலுவலகக் கடவுச்சொற்களை எழுதி உறையில் போட்டு யார் வைத்திருப்பது என்று அருள்மொழி கேட்டாள். பொறுப்பாளர்தான், ஆனால் உறையைத் தொட்டதே இல்லை என்றார். எதற்கும் ஒரு பதில் இருந்தது. மணி நாலு அடித்துவிட்டது.

ஆரோக்கியராஜ் தன் பங்குக்குக் காசை விரட்டப் பார்த்தான். இந்தக் காட்டை வாங்க யார் வந்தார்கள், எந்தக் கார் வந்தது, சார் யாரோடு டீ குடித்தார் என்று வாசலில் இருந்தவர்களைக் கேட்டான். யாரும் வரவில்லை. சார் டீயே குடிப்பதில்லை. வாங்குகிற பழக்கமும் இல்லை, ஒரு பலாப்பழம் கொடுத்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெருமாயி என்ற பெண் வருத்தத்தோடு சொன்னாள். ஆரோக்கியராஜ் குழம்பிப்போய்த் திரும்பி வந்தான். காசு வாங்காத ஆள் எதற்காக நாற்பத்தொரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட வேண்டும்?

அருள்மொழி இன்னும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, நீ ஏத்துன பட்டியல்ல கடைசிக் கட்டம் என்ன?"

"காட்டுப் பேருங்க்கா. பலாமரத்துக்காடு, ஊத்துக்காடு, பாறைக்காடுன்னு."

"அதை எதுக்குப் போட்டே? படிவத்துல கேக்கலையே."

தேன்மொழிக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாகப் பட்டது. அரியங்காட்டில் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைக்கிறார்கள். சுற்றிச் சுற்றி அதே நாலைந்து பெயர்கள்தான். கருப்பண்ணன் மகன் சென்றாயன் மட்டும் ஒன்பது பேர். காட்டுப் பேர் சொல்லாமல் ஊருக்குள் யாரையும் கூப்பிடவே முடியாது. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில் அவரவர் பயிர் செய்கிற காட்டின் பேரை அவளாகச் சேர்த்திருந்தாள்.

அருள்மொழி எழுந்து படத்தை மேஜையில் விரித்தாள். இடது ஓரத்தில் இரண்டு விரல் கறுப்பு என்றால் வலது ஓரத்தில் இரண்டு விரல் அளவுக்குப் படம் திரைக்கு வெளியே போயிருக்க வேண்டும். போயிருந்தது. பெயர் இருந்தது. அப்பா பெயர் இருந்தது. காட்டுப் பேர் இருந்த கடைசிக் கட்டம் முழுதாகக் காணோம்.

ஆரோக்கியராஜுக்கு அப்போதுதான் சுவரில் இருந்த பட்டியல் உறைத்தது. மிஞ்சியிருந்த பன்னிரண்டு பெயர்களில் ஒன்றுகூட இரண்டு தரம் வரவில்லை. ஒரு சென்றாயன். ஒரு கருப்பண்ணன். ஒரு பெருமாயி. ஒவ்வொன்றிலும் ஒன்றை விட்டுவைத்து மற்றதையெல்லாம் வழித்துப் போட்டிருக்கிறார்கள்.

"அட, இது திருட்டே இல்லையா?" என்றான்.

"இல்ல. சார் சுத்தம் பண்ணியிருக்காரு." அருள்மொழி மணிவண்ணன் பக்கம் திரும்பினாள். தேன்மொழி சாப்பிடப் போன நேரத்தில் அவர் பட்டியலைப் பார்க்க உட்கார்ந்தார். மேலூடு பூட்டியிருந்ததால் கீழூட்டைப் போட்டார், உறையைப் பிரித்துத் தேன்மொழியின் பெயரில் பட்டியலைத் திறந்தார். ஒரே ஆள் ஒன்பது மனுப் போட்டு அரசாங்கத்தை ஏமாற்றுகிறான் என்று அவருக்குத் தோன்றியது. நீக்கினார். நீக்கிய பெருமையில் படம் எடுத்தார். திருடியைப் பிடிக்க எடுக்கிற படத்தில் மேஜை விழும், நாற்காலி விழும். இந்தப் படம் நாற்பத்தொன்று என்ற எண்ணை நடுவில் வைத்து, தன் வேலையைத் தானே ரசித்து எடுத்த படம். மேலிடத்துக்கு அனுப்பவும் செய்திருப்பார். புதன்கிழமை ஊரே திரண்டு வந்தபோதுதான் செய்தது தப்பென்று தெரிந்தது. அதே படத்தைத் தேன்மொழியின் தலையில் திருப்பி விட்டார்.

"உங்க கைப்பேசியைக் காட்ட வேண்டாங்க சார். யாருக்கு அனுப்புனீங்களோ அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

மணிவண்ணன் உட்கார்ந்தார். பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு கறையில்லை என்றார். ரெட்டைப் பதிவுகளைக் களையெடுத்தால் மேலே நல்ல பேர் கிடைக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். தன் சொந்த உபயோகத்துக்கென்று யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த பழைய பெட்டியில் படம் எப்போதும் தள்ளித்தான் நிற்கும், அதனால் ஒரு கட்டமே மறையும் என்று தோன்றவே இல்லை என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு வழி கண்டுபிடித்தவர்போல நிமிர்ந்தார். இயந்திரக் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார். யார் மேலும் பழியில்லை, தேன்மொழிக்கு வேலையும் இருக்கும், பெயர்களையும் உடனே ஏற்றிவிடலாம். எல்லாருக்கும் நல்லது.

மணி நாலரை. ஆரோக்கியராஜ் தேன்மொழியைப் பார்த்தான். ஒத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தான். அவனாக இருந்தால் ஒத்துக்கொண்டு, ஒரு டீயும் கேட்டிருப்பான்.

காலையிலிருந்து நாற்காலியை விடாதவள் எழுந்தாள். ஒப்புதல் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து மேஜைமேல் வைத்தாள்.

"மெஷினு ஒண்ணும் பண்ணலீங்க. அது தள்ளி நின்னு காட்டுச்சு, அவ்வளவுதான். ஒம்பது சென்றாயனும் இந்த வாசல்ல வந்து வரிசையில நின்னு மனுக் குடுத்தாங்க. நீங்கதான வாங்குனீங்க? துட்டு வாங்கிட்டு அழிச்சிருந்தாக்கூட, இங்க ஒம்பது ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சு அழிச்சதா இருந்திருக்கும். உங்க கண்ணுக்கு நாங்க ஆளாவே தெரியலீங்களே சார்."

தகரக்கூரைமேல் ஏதோ காய் விழுந்து உருண்டது.

நடந்தது நடந்தபடி எழுத வேண்டும், கீழே அவர் கையெழுத்து இருக்க வேண்டும் என்றாள் அவள். அது வரும்வரை இந்த அறையை விட்டு யாரும் போகப் போவதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கதவருகே வந்து நின்றார்கள். அவர்களில் பலர் இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்க்காதவர்கள். இப்போது அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தார்கள். மணிவண்ணன் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து எழுதினார். இரண்டு தரம் திருத்த வைத்தாள் அருள்மொழி. ஐந்து மணிக்குச் சற்று முன் கையெழுத்து விழுந்தது.

நீக்கியதைத் திரும்பக் கொண்டுவருகிற வசதி அந்தப் பட்டியலில் இல்லை. நாற்பத்தொன்றையும் புதிதாகத் தட்ட வேண்டும். ஆரோக்கியராஜ் கேபிளைத் திரும்ப மேலூட்டில் சொருகி, மானிட்டரையும் அந்தப் பக்கம் திருப்பினான். தேன்மொழி தன் கடவுச்சொல்லைப் போட்டுப் பட்டியலைத் திறந்தாள். ஆனால் விசைப்பலகையின் முன் உட்காரவில்லை. நாற்காலியை மணிவண்ணன் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே ஏத்துங்க சார். நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவருகே நின்றவர்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து மேஜைக்கு எதிரே நின்றார்கள். முதலில் பெருமாயி. பிறகு ராமாயி. பிறகு ஒரு கருப்பண்ணன், இன்னொரு கருப்பண்ணன். மணிவண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தட்டினார். அடுத்த மனுவை எடுத்துப் பெயரைத் தட்டினார், அப்பா பெயரைத் தட்டினார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"எந்தச் சென்றாயன்?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"நிமுந்து பாத்துக் கேளுங்க சார்" என்றாள் தேன்மொழி. "ஆளு எதுத்தாப்புலதான நிக்கறாரு."